இருபத்திரண்டாம் மாடியில் எத்தனை பார்?

உயர்ந்த கட்டடங்களின் தீயணைப்புக் குழாய் அமைப்பைப் பற்றிப் பேச்சு வரும்போது, கீழே தொட்டியில் எத்தனை லட்சம் லிட்டர் தண்ணீர் இருக்கிறது, பம்ப் எத்தனை குதிரைத்திறன் என்ற கேள்விகளே பெரும்பாலும் முதலில் எழுகின்றன. அவை வேண்டாத கேள்விகள் அல்ல. ஆனால் வடிவமைப்பின் உயிர்நிலை வேறொரு கேள்வியில் இருக்கிறது. ஒரு குறிப்பிட்ட மாடியின் படிக்கட்டில் தீயணைப்பு வீரர் ஹோஸை மாட்டி, வால்வைத் திறந்து, தண்ணீர் முழு வேகத்தில் பாய்ந்துகொண்டிருக்கும் அந்த நேரத்தில், வால்வின் வாயில் எத்தனை பார் (அழுத்தத்தை அளக்கும் அலகு) அழுத்தம் நிற்கும் என்பதே அது. இந்தக் கேள்விக்கு ஒவ்வொரு மாடிக்கும் தனித்தனியாக விடை சொல்ல முடியாத வரைபடத்தை, மற்ற எல்லாம் ஒழுங்காக இருந்தாலும், நான் முழுமையான வடிவமைப்பாகக் கருதுவதில்லை. ஏன் இவ்வளவு பிடிவாதம் என்று இத்துறைக்குப் புதிதாக வரும் இளைஞர்கள் கேட்கிறார்கள். அவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியா நகரில், நகர மன்றக் கட்டடத்துக்கு எதிரே, ஒன் மெரிடியன் பிளாசா என்ற 38 மாடி அலுவலகக் கட்டடம் இருந்தது. 1991 பிப்ரவரி 23, சனிக்கிழமை இரவு எட்டரை மணியளவில் அதன் 22ஆம் மாடியில் தீப்பிடித்தது. மரப்பலகைகளைத் துடைத்து மெருகேற்றிய வேலையாட்கள் ஆளிவிதை எண்ணெய் ஊறிய துணிகளை ஓர் அறையில் விட்டுச் சென்றிருந்தார்கள். அந்த எண்ணெய் காற்றோடு வினைபுரிந்து தானே சூடேறித் தீயாக மாறக்கூடியது. தொடக்கத்தில் ஒரே ஓர் அறையில் இருந்த தீ, 19 மணி நேரம் எரிந்து எட்டு மாடிகளைத் தின்றது. மூன்று தீயணைப்பு வீரர்கள் 28ஆம் மாடியில் மூச்சுக் கருவியில் காற்றுத் தீர்ந்து இறந்தார்கள். கட்டடம் இடிந்து விழக்கூடும் என்ற அச்சத்தில், ஏறத்தாழ 11 மணி நேரப் போராட்டத்துக்குப் பிறகு உள்ளே இருந்த வீரர்கள் அனைவரையும் வெளியேற்ற வேண்டியதாயிற்று.

அந்தக் கட்டடத்தில் ரைசர் குழாய், அதாவது தண்ணீரை மேல்மாடிகளுக்குக் கொண்டுசெல்லும் செங்குத்துக் குழாய், இருந்தது, மாடிதோறும் வால்வும் இருந்தது. வீரர்கள் ஹோஸை மாட்டித் திறந்தபோது தண்ணீரும் வந்தது, ஆனால் அழுத்தம் வரவில்லை. அங்கே பொருத்தப்பட்டிருந்த அழுத்தக் குறைப்பு வால்வுகள், அதாவது களத்தில் நாம் பி.ஆர்.வி. என்று சொல்பவை, தவறாக அமைக்கப்பட்டிருந்ததால், வெளிவந்த அழுத்தம் 60 பி.எஸ்.ஐ.க்கும் குறைவு, நமது அளவில் ஏறத்தாழ 4.1 பார். வால்வின் அமைப்பை மாற்றத் தனிக் கருவியும் அதைத் தெரிந்த ஆளும் வேண்டும். அப்படி ஒருவர் வந்து சேர்ந்து வால்வுகளைச் சரிசெய்வதற்குள் தீ பல மாடிகளுக்குப் பரவிவிட்டது. இடையில், ரைசரை நம்ப முடியாது என்று தெரிந்ததும், ஐந்து அங்குல ஹோஸைப் படிக்கட்டு வழியே ஆட்கள் கையால் தூக்கிக்கொண்டு மேலே இழுத்துச் சென்றார்கள். மின்சாரமும் போய்விட்டதால் லிஃப்ட் இல்லை. இருபது மாடிகளுக்கு மேல் இருட்டிலும் புகையிலும் ஹோஸைச் சுமந்து ஏறுவது எப்படிப்பட்ட வேலை என்பதை, தண்ணீர் நிரப்பாத ஹோஸ் சுருள் ஒன்றை ஒரு மாடி தூக்கிப் பார்த்தவர்கள்கூட உணர்வார்கள்.

இங்கே ஒரு நுட்பமான உண்மை இருக்கிறது. அமெரிக்கத் தேசியத் தீப் பாதுகாப்புச் சங்கமான என்.எஃப்.பி.ஏ. ரைசர் அமைப்புகளுக்கென்று வகுத்த, அக்காலத்து என்.எஃப்.பி.ஏ. 14 நெறிமுறை, மிகத் தொலைவில் உள்ள வால்வில் 65 பி.எஸ்.ஐ. இருந்தால் போதும் என்று சொன்னது. அதாவது 4.5 பார். அந்த எண் எங்கிருந்து வந்தது என்று கணக்குப் போட்டுப் பார்த்தால், அது எந்தக் கருவியை மனத்தில் வைத்து எழுதப்பட்டது என்பது புலப்படும். 65 மி.மீ. ஹோஸில் நிமிடத்துக்கு 250 கேலன் (ஓர் அமெரிக்கக் கேலன் ஏறத்தாழ 3.8 லிட்டர்) பாயும்போது 30 மீட்டர் நீளத்துக்கு ஏறத்தாழ 0.9 பார் உராய்வில் இழக்கப்படும். ஹோஸின் முனையில் பொருத்தும், நேரான துளையுள்ள பழைய வகை நாசிலுக்கு வாயில் 3.4 பார் வேண்டும். இரண்டையும் கூட்டினால் 4.3 பார், 65 பி.எஸ்.ஐ.க்குள் அடங்கிவிடுகிறது. ஆனால் 1991இல் ஃபிலடெல்ஃபியா வீரர்கள் கையில் எடுத்துச் சென்றது 45 மி.மீ. ஹோஸும், வாயில் 100 பி.எஸ்.ஐ. எதிர்பார்க்கும் தானியங்கி நாசிலும். அந்த மெல்லிய ஹோஸில் நிமிடத்துக்கு 150 கேலன் பாய்ந்தாலே 30 மீட்டருக்கு 2.4 பார் போய்விடும். 45 மீட்டர் நீளம் என்றால் 3.6 பார். அதோடு நாசிலுக்கு வேண்டிய 6.9 பாரையும் சேர்த்தால் 10.5 பார் ஆகிறது. கிடைத்ததோ 4.1க்கும் கீழே. அழுத்தம் குறையும்போது தானியங்கி நாசில் தன் வாயைத் தானே சுருக்கிக்கொள்ளும். அப்போது தாரை பார்வைக்குத் தாரையாகவே தெரிந்தாலும், தீயின் மேல் விழும் தண்ணீரின் அளவு மிகவும் குறைந்துவிடும்.

ஆகவே அன்று வால்வுகள் நெறிமுறை சொன்ன அழுத்தத்துக்குச் சரியாக அமைக்கப்பட்டிருந்தாலும், வீரர்களின் கருவிக்கு அது போதியிருக்காது. நெறிமுறை எழுதப்பட்ட காலத்துக் கருவி ஒன்று, வீரர்கள் பழகிய கருவி வேறொன்று. இந்த இடைவெளியைத்தான் 1993ஆம் ஆண்டுப் பதிப்பு சரிசெய்ய முயன்றது. அதன் பிறகு மிகத் தொலைவிலுள்ள 65 மி.மீ. வால்வில் குறைந்தது 100 பி.எஸ்.ஐ., அதாவது 6.9 பார், தண்ணீர் பாயும் நிலையில் நிற்க வேண்டும் என்பது விதியாயிற்று. மேலே போட்ட கணக்கை வைத்துப் பார்த்தால், மெல்லிய ஹோஸுக்கும் 100 பி.எஸ்.ஐ. நாசிலுக்கும் இதுகூடப் போதாது என்பது தெரியும். அதனால்தான் அமெரிக்காவின் பல தீயணைப்புத் துறைகள் உயர்ந்த கட்டடங்களுக்கென்று 65 மி.மீ. ஹோஸையும் நேர்த்துளை நாசிலையும் தனியே கட்டி வைத்திருக்கின்றன. வடிவமைப்பாளர் தன் ஊர்த் தீயணைப்புத் துறை எந்த ஹோஸை, எந்த நாசிலைக் கொண்டுவரும் என்று கேட்டுத் தெரிந்துகொள்வது மரியாதைக்காகச் செய்யும் சந்திப்பு அல்ல; கணக்கின் முதல் வரியே அதுதான்.

நம் நாட்டுத் தேசியக் கட்டட விதித்தொகுப்பின் 2016ஆம் ஆண்டுப் பதிப்பில் நான்காம் பகுதி இந்த விஷயத்தைப் பேசுகிறது. உச்சி மாடி வால்வில் 3.5 பார் என்ற அளவு நம் பொறியாளர்களுக்கு மனப்பாடம். களத்தில் "மூன்றரைக் கிலோ" என்பார்கள். இரண்டு நெறிமுறைகளையும் அருகருகே வைத்து எது உயர்ந்தது என்று வாதிடுவதில் எனக்கு ஆர்வமில்லை. ஒவ்வோர் எண்ணுக்குப் பின்னாலும் ஒரு ஹோஸும் ஒரு நாசிலும் ஒரு பாய்வு அளவும் இருக்கின்றன. நெறிமுறை ஒன்றின் அழுத்த அளவை எடுத்துக்கொண்டு இன்னொன்றின் பாய்வு அளவோடு சேர்த்துத் தைக்கும் வேலையைத்தான் நான் எதிர்க்கிறேன். வளைகுடாவிலும் இந்தியாவிலும் மாறி மாறி வேலை செய்யும் நம்மவர்களின் வரைபடங்களில் இது அடிக்கடி கண்ணில் படுகிறது.

பாய்வு அளவைப் பொறுத்தவரை என்.எஃப்.பி.ஏ. 14 சொல்வது தெளிவானது. மிகத் தொலைவிலுள்ள ரைசருக்கு நிமிடத்துக்கு 500 கேலன். கூடுதலாக உள்ள ஒவ்வொரு ரைசருக்கும் 250 கேலன். முழுமையாக ஸ்பிரிங்க்ளர் (வெப்பம் பட்டதும் தானே திறந்து தண்ணீர் தெளிக்கும் கருவி) போடப்பட்ட கட்டடத்தில் மொத்தம் 1,000 கேலனைத் தாண்ட வேண்டியதில்லை. இரண்டு படிக்கட்டுகள், இரண்டு ரைசர்கள் உள்ள வழக்கமான கோபுரத்துக்கு 750 கேலன். லிட்டரில் நிமிடத்துக்கு ஏறத்தாழ 2,840. அரை மணி நேரத்துக்குத் தண்ணீர் வைக்க வேண்டும் என்றால் 85 கன மீட்டர். தனி ரைசர் குறைந்தது 100 மி.மீ. விட்டமும், ஸ்பிரிங்க்ளருக்கும் சேர்த்து ஓடும் கூட்டு ரைசர் பொதுவாக 150 மி.மீ. விட்டமும் உடையதாக இருக்கும். மாடி வால்வு தரையிலிருந்து 0.9 மீட்டருக்கும் 1.5 மீட்டருக்கும் இடையே இருக்க வேண்டும். இவற்றில் யாரும் பெரிதாகத் தவறுவதில்லை. தவறுவது உயரத்தைக் கையாள்வதில்தான்.

தண்ணீர் பத்து மீட்டர் ஏறினால் ஒரு பார் குறையும். 150 மீட்டர் உயரத்தில் கடைசி வால்வு இருப்பதாக வைத்துக்கொள்வோம். அங்கே 6.9 பார் வேண்டும், உயரத்துக்கு 14.7 பார், குழாய் உராய்வுக்கு ஒன்றரை பார் என்று கொண்டால், பம்ப் வாயில் 23 பார் வேண்டியிருக்கும். அதே ரைசரில் 20 மீட்டர் உயரத்தில் உள்ள ஐந்தாம் மாடி வால்வைத் திறந்தால் அங்கே 21 பார் நிற்கும். அந்த அழுத்தத்தில் ஹோஸைப் பிடிப்பவர் தூக்கி எறியப்படுவார். அதனால் 65 மி.மீ. வால்வில் 175 பி.எஸ்.ஐ., அதாவது 12.1 பாருக்கு மேல் போகக்கூடாது என்று நெறிமுறை மேல் எல்லை வகுக்கிறது. சாதாரண ஸ்பிரிங்க்ளர்களும் அதே 12.1 பாருக்குத்தான் தயாரிக்கப்படுகின்றன. கீழ் எல்லை 6.9, மேல் எல்லை 12.1. வடிவமைப்பாளர் நடமாடக் கிடைத்த இடம் இந்த 5.2 பார் மட்டுமே.

காகிதத்தில் 5.2 பார் என்பது 53 மீட்டர் உயரம். ஆனால் உராய்வு இழப்பு அதில் ஒரு பங்கைத் தின்னும். அதைவிட அதிகமாகத் தின்பது பம்பின் குணம். மையவிலக்குப் பம்ப், தண்ணீர் வெளியேறாமல் ஓடும்போது, குறிப்பிட்ட அழுத்தத்தைவிடக் கூடுதலாகத் தரும், தீயணைப்புப் பம்புகளுக்கான நெறிமுறையான என்.எஃப்.பி.ஏ. 20 இதை 140 விழுக்காடு வரை அனுமதிக்கிறது. மறுபுறம், 150 விழுக்காடு பாய்வில் அழுத்தம் 65 விழுக்காட்டுக்குக் கீழே போகக்கூடாது என்கிறது. ஆகவே ஒரே பம்புக்கு இரண்டு முனைகளிலும் கணக்குப் போட வேண்டும். எவரும் வால்வைத் திறக்காத நிலையில் மிகக் கீழான மாடியில் எவ்வளவு ஏறும், எல்லோரும் திறந்த நிலையில் மிக மேலான மாடியில் எவ்வளவு மிஞ்சும் என்ற இரண்டு விடைகளும் வேண்டும். நன்றாகத் தேர்ந்தெடுத்த பம்போடுகூட, அழுத்தக் குறைப்பு வால்வே இல்லாமல் ஒரு மண்டலத்தில், அதாவது ஒரே பம்போ தொட்டியோ தண்ணீர் தரும் மாடித் தொகுதியில், அடக்கக்கூடிய உயரம் ஏழெட்டு மாடிகளுக்கு மேல் போவது அரிது. நடுமாடித் தொட்டியிலிருந்து புவியீர்ப்பால் இறங்கும் அமைப்பில் பம்பின் கூடுதல் அழுத்தம் இல்லாததால் இன்னும் சில மாடிகள் கிடைக்கும்.

என் கருத்து இதுதான்: மண்டலங்களைக் கூட்டுவதற்கு ஆகும் செலவை உரிமையாளரிடம் வாதாடிப் பெற்றாவது, அழுத்தக் குறைப்பு வால்வுகளின் எண்ணிக்கையைக் குறைக்க வேண்டும். அவை கெட்ட பொருள்கள் அல்ல. ஆனால் கட்டடத்தில் ஆண்டுக்கணக்கில் அசையாமல் இருந்து, தேவைப்படும் அந்த ஒரே இரவில் துல்லியமாக நடக்க வேண்டிய இயந்திரங்கள். அவற்றின் எண்ணிக்கை கூடக்கூட, ஏதேனும் ஒன்று தவறாக அமைக்கப்பட்டிருக்கும் வாய்ப்பும் கூடும். முற்றிலும் தவிர்க்க முடியாது என்பதை ஒப்புக்கொள்கிறேன்; குறைக்க முடியும்.

இங்கே இரண்டு வகைச் சாதனங்களைக் குழப்பிக்கொள்ளும் பழக்கம் நிறைய இருக்கிறது. நடுவில் சிறிய துளையிட்ட தட்டு ஒன்றை வால்வின் வாயில் பொருத்தினால், தண்ணீர் பாயும்போது அழுத்தம் குறையும். ஆனால் நாசில் மூடியிருக்கும்போது, தண்ணீர் ஓடாத நிலையில், தட்டுக்கு இருபுறமும் ஒரே அழுத்தம்தான். ஹோஸ் முழு அழுத்தத்தையும் தாங்கியாக வேண்டும். நாசிலைச் சட்டென்று திறக்கும் வீரரின் கைக்கு அந்த அதிர்ச்சி வரும். உண்மையான பி.ஆர்.வி. ஓடும் நிலையிலும் ஓடாத நிலையிலும் அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும். தண்ணீர் நிற்கும் நிலையில் 175 பி.எஸ்.ஐ.யைத் தாண்டும் இடங்களில் இரண்டாவது வகையைத்தான் போட வேண்டும். விலைப்பட்டியலில் இரண்டும் அடுத்தடுத்த வரிகளில் இருக்கும். ஒன்றுக்குப் பதில் மற்றொன்றை வாங்கிவிட்டு "அதேதான் சார்" என்று சொல்பவர்களிடம் இந்த இடத்தில் சற்றும் இளகக்கூடாது.

பி.ஆர்.வி.யிலும் களத்தில் திருகி அமைக்கக்கூடியவை உண்டு. தொழிற்சாலையிலேயே குறிப்பிட்ட மாடிக்கென்று அமைத்து அனுப்பப்படுபவையும் உண்டு. இரண்டாம் வகை வால்வின் கழுத்தில் ஒரு சிறிய உலோகச் சீட்டு தொங்கும். அதில் மாடி எண்ணும், உள்ளே வரும் அழுத்தமும், வெளியே தர வேண்டிய அழுத்தமும் பொறிக்கப்பட்டிருக்கும். வளைகுடாவில் ஒரு கட்டட வேலையில், மாடி மாடியாக இந்தச் சீட்டுகளைப் படித்துக்கொண்டு ஏறியபோது, வரிசை கலைந்திருப்பதைக் கண்டோம். பெட்டிகள் வந்த வரிசையில் பிரித்து, கையில் கிடைத்ததைக் கிடைத்த மாடியில் பொருத்தியிருந்தார்கள். சில சீட்டுகளின் மேல் சிவப்பு வண்ணம் அடிக்கப்பட்டு எழுத்து மறைந்திருந்தது. நகத்தால் சுரண்டித்தான் எண்ணைப் படிக்க முடிந்தது. வெளியிலிருந்து பார்த்தால் எல்லா வால்வும் ஒரே அச்சு. கீழ்மாடிக்கு அமைத்த வால்வு, உள்ளே உயர்ந்த அழுத்தம் வரும் என்று எதிர்பார்த்துச் செய்யப்பட்டது. அது மேல்மாடிக்குப் போனால், அங்கே வரும் குறைந்த அழுத்தத்தையும் வெட்டி, பயனற்ற ஒழுக்காக வெளியே விடும். மெரிடியன் பிளாசாவில் நடந்ததும் இந்த இனத்தைச் சேர்ந்ததே. அன்று ஒவ்வொரு வால்வையும் கழற்றிச் சரியான மாடிக்கு மாற்றிய பின்னரே சோதனைக்குப் போனோம்.

சோதனை என்றால் தண்ணீரை உண்மையாகவே ஓடவிட்டுப் பார்ப்பது. வால்வு மூடிய நிலையில் அழுத்தமானியைப் படித்து எழுதுவது சோதனை ஆகாது. இதற்காகவே என்.எஃப்.பி.ஏ. 14, அழுத்தக் கட்டுப்பாட்டுச் சாதனங்கள் உள்ள ஒவ்வொரு ரைசருக்கும் பக்கத்தில் 75 மி.மீ. வடிகால் ரைசர் ஒன்றை நிரந்தரமாக வைக்கச் சொல்கிறது. முப்பதாம் மாடியில் நிமிடத்துக்கு 250 கேலன் ஓடவிட்டால் அந்தத் தண்ணீர் எங்கே போகும் என்ற எளிய கேள்விக்கு அதுவே விடை. செலவைக் குறைக்கும் கூட்டங்களில் முதலில் வெட்டப்படுவதும் பெரும்பாலும் இந்த வடிகால் ரைசர்தான். "இது தீயை அணைப்பதில்லையே" என்பார்கள். அதை வெட்டிவிட்டால், சோதனை, பராமரிப்புக்கான நெறிமுறையான என்.எஃப்.பி.ஏ. 25 கேட்கும் ஐந்தாண்டுக்கு ஒருமுறை முழுப் பாய்வுச் சோதனையை அந்தக் கட்டடத்தில் எவரும் செய்யப் போவதில்லை. படிக்கட்டில் வெள்ளம் விட எந்த மேலாளர் ஒப்புவார்? குழாய்கள் ஏறும் ஷாஃப்ட்டில் இடம் ஒதுக்கும் முதல் நாளிலேயே இந்தக் குழாயை வரைந்துவிட வேண்டும். பிறகு கேட்டால் இடம் கிடைக்காது.

மெரிடியன் பிளாசாவின் தீ கடைசியில் எப்படி நின்றது என்பதை இப்போது சொல்ல வேண்டும். அந்தக் கட்டடத்தில் தரைக்கு மேலுள்ள மாடிகளில் சிலவற்றுக்கு மட்டுமே, வாடகைக்கு இருந்தவர்கள் கேட்டுக்கொண்டதால், ஸ்பிரிங்க்ளர் போடப்பட்டிருந்தது. 30ஆம் மாடி அவற்றுள் ஒன்று. 22இலிருந்து 29 வரை ஏறிவந்த தீ 30ஆம் மாடிக்குள் பல இடங்களில் நுழைய முயன்றபோது, பத்து ஸ்பிரிங்க்ளர்கள் திறந்துகொண்டன. தெருவில் நின்ற தீயணைப்பு வண்டிகள் கட்டடத்தின் இணைப்பு வழியே அனுப்பிய தண்ணீரைக் கொண்டு அவை தீயை அங்கேயே நிறுத்தின. கூடுதல் படையை வரவழைக்கும் எச்சரிக்கை அழைப்புகள் பன்னிரண்டு வரை போய், முந்நூறுக்கும் மேற்பட்ட வீரர்கள் போராடிய தீ அது.

பத்து ஸ்பிரிங்க்ளர் எவ்வளவு தண்ணீர் தரும்? அலுவலகம், ஸ்பிரிங்க்ளருக்கான நெறிமுறையான என்.எஃப்.பி.ஏ. 13இல் குறைந்த ஆபத்து வகை. சதுர மீட்டருக்கு நிமிடத்துக்கு 4.1 லிட்டர், 139 சதுர மீட்டர் பரப்பில் விழ வேண்டும். ஒரு ஸ்பிரிங்க்ளர் அதிகம் போனால் 20.9 சதுர மீட்டரைக் காக்கலாம். அப்படியானால் ஒன்றுக்கு 86 லிட்டர். வழக்கமான ஸ்பிரிங்க்ளரின் கே எண், அதாவது அதன் பாய்வுத் திறனைக் குறிக்கும் எண், 80. பாய்வு என்பது கே எண்ணை அழுத்தத்தின் வர்க்கமூலத்தால் பெருக்கிய தொகை. ஆகவே 86 லிட்டருக்கு 1.2 பாருக்கும் சற்றுக் குறைவான அழுத்தமே போதும். இந்தக் கணக்கில் பத்து ஸ்பிரிங்க்ளர் நிமிடத்துக்கு 860 லிட்டர். இது நிமிடத்துக்கு 250 கேலன் தரும் ஒரே ஒரு 65 மி.மீ. ஹோஸின் பாய்வைவிடக் குறைவு. தண்ணீரின் அளவு அல்ல, அது விழும் இடமும் நேரமுமே வேறுபாட்டை உண்டாக்கின. தீ சிறிதாக இருக்கும்போதே, நேர் மேலிருந்து, ஆள் நுழையாமல் தண்ணீர் விழுகிறது. ரைசருக்கு 6.9 பார் கேட்கும் அதே மாடியில் ஸ்பிரிங்க்ளர் 1.2 பாரில் திருப்தி அடைவதன் காரணமும் இதுவே.

திரைப்படங்களில் காட்டுவதுபோல எல்லா ஸ்பிரிங்க்ளரும் ஒரே நேரத்தில் கொட்டும் என்ற எண்ணம் இன்னும் பலருக்கு இருக்கிறது. ஒவ்வொன்றின் வாயிலும் தனித்தனியே ஒரு கண்ணாடிக் குமிழ் இருக்கிறது. சிவப்புக் குமிழ் என்றால் 68 டிகிரி செல்சியஸ், மஞ்சள் 79, பச்சை 93. தன் அருகில் அந்த வெப்பம் வந்தால் மட்டுமே அந்தக் குமிழ் உடையும். 139 சதுர மீட்டரை 20.9ஆல் வகுத்தால் ஏழு ஸ்பிரிங்க்ளர். வடிவமைப்பில் நாம் ஒரே நேரத்தில் திறக்கும் என்று கொள்வது அவ்வளவே. இந்த எண் சிறியதாக இருப்பதால், ஒவ்வொன்றின் இடமும் முக்கியமாகிறது. இரண்டுக்கு இடையே 4.6 மீட்டருக்கு மேல் போகக்கூடாது என்பதை எல்லோரும் நினைவில் வைக்கிறார்கள். 1.8 மீட்டருக்குக் குறைவாகவும் போகக்கூடாது என்பதைப் பலர் மறக்கிறார்கள். மிக அருகில் இருந்தால், முதலில் திறந்ததன் தண்ணீர் பக்கத்துக் குமிழை நனைத்துக் குளிரவைத்து, அது திறக்கவேண்டிய நேரத்தில் திறக்காமல் செய்துவிடும். கூரை விட்டத்துக்குப் (பீம்) பின்னாலும் ஏசி குழாய்க்குப் பின்னாலும் மாட்டிக்கொண்ட ஸ்பிரிங்க்ளர் தண்ணீரை எங்கே தெளிக்கும் என்பதைத் தள வரைபடத்தில் பார்க்க முடியாது. குறுக்குவெட்டு வரைந்தே ஆக வேண்டும். கிடங்கில் ஸ்பிரிங்க்ளருக்குக் கீழே 45 செ.மீ. வெற்றிடம் விடவேண்டும் என்பதும் இந்தத் தெளிப்புக்காகவே.

ஒரே ரைசரில் மாடி வால்வும் ஸ்பிரிங்க்ளரும் சேர்ந்து ஓடும் கூட்டு அமைப்பு சிக்கனமானது. இன்றைய கோபுரங்களில் அதுவே வழக்கம். முழுமையாக ஸ்பிரிங்க்ளர் போட்ட கட்டடத்தில் இரண்டு தேவைகளையும் கூட்ட வேண்டியதில்லை. பெரியதை எடுத்துக்கொண்டால் போதும். ஆனால் இந்தச் சிக்கனத்துக்கு ஒரு விலை உண்டு. ஒரே இடத்தில் தண்ணீரை நிறுத்தினால் இரண்டு பாதுகாப்பும் ஒன்றாகப் போய்விடும். லாஸ் ஏஞ்சல்ஸின் 62 மாடி ஃபர்ஸ்ட் இன்டர்ஸ்டேட் வங்கிக் கட்டடத்தில் 1988 மே 4 அன்று 12ஆம் மாடியில் தீப்பிடித்தபோது, ஸ்பிரிங்க்ளர் பொருத்தும் வேலை பெரும்பகுதி முடிந்திருந்தது. எச்சரிக்கைக் கருவிகளை இணைக்கும் வேலை பாக்கி இருந்ததால் வால்வுகள் மூடியே இருந்தன. வேலைக்காகப் பம்புகளையும் நிறுத்தி வைத்திருந்தார்கள். தீ 16ஆம் மாடி வரை ஏறியது. என்ன நடக்கிறது என்று பார்க்க லிஃப்டில் சென்ற பராமரிப்புப் பணியாளர் ஒருவர் இறந்தார். தலைக்கு மேல் குழாயும் ஸ்பிரிங்க்ளரும் தயாராக இருந்த மாடிகளில் இது நடந்தது என்பதுதான் நெஞ்சை அறுக்கிறது.

அதனால் ஒவ்வொரு மாடியின் ஸ்பிரிங்க்ளர் இணைப்பிலும் தனி வால்வு, பின்னோட்டம் தடுக்கும் வால்வு, பாய்வு உணரி, வடிகால் ஆகியவை வேண்டும்; ஒரு மாடியில் வேலை நடந்தால் அந்த மாடியை மட்டும் மூட முடிய வேண்டும். ரைசர் ஒவ்வொன்றையும் மற்றதைப் பாதிக்காமல் தனிமைப்படுத்த முடிய வேண்டும். வால்வு மூடப்பட்டால் அந்தத் தகவல் கட்டுப்பாட்டு அறைக்குத் தானே போய்ச் சேர வேண்டும். பம்பின் மின்சாரத்தையும் குழாயின் ஒரு பகுதியாகவே நான் எண்ணுகிறேன். மெரிடியன் பிளாசாவில் முதன்மை மின்கம்பியும் மாற்று மின்கம்பியும் ஒரே ஷாஃப்ட்டில் ஓடியதால் ஒரே தீயில் இரண்டும் போயின. அவசர மின்னாக்கியும் கைகொடுக்கவில்லை. இரண்டு வழிகள் என்று காகிதத்தில் எழுதிவிட்டு ஒரே சந்தில் இரண்டையும் அனுப்புவது ஒரு வழிக்குச் சமம். டீசல் பம்ப் ஒன்று கூடவே இருந்தால் எனக்கு மனம் அமைதியாக இருக்கும்.

எல்லாம் தவறிய பிறகும் மிஞ்சுவது தெருவில் இருக்கும் தீயணைப்பு வண்டி இணைப்பு, அதாவது வண்டி தன் பம்பால் கட்டடத்தின் குழாய்க்குள் தண்ணீரைச் செலுத்தும் வாய். 30ஆம் மாடியைக் காத்தது அதுதான். உயர்ந்த கட்டடத்தில் ஒவ்வொரு மண்டலத்துக்கும் ஒன்றுக்கொன்று விலகிய இரண்டு இணைப்புகள் வேண்டும். கண்ணாடி உடைந்து விழும் பக்கத்தில் ஒன்றைப் பயன்படுத்த முடியாமல் போனால் மற்றொன்று கிடைக்கும். இணைப்புக்கும் ரைசருக்கும் நடுவே மூடும் வால்வு எதுவும் இருக்கக்கூடாது. இணைப்பிலிருந்து 30 மீட்டருக்குள் தெரு ஹைட்ரண்ட், அதாவது வண்டி தண்ணீர் எடுக்கும் குழாய்வாய், இருக்க வேண்டும். 150 மீட்டர் உயரத்துக்கு நாம் போட்ட கணக்கில் 23 பார் வந்தது. பெரும்பாலான வண்டிகளின் பம்ப் அந்த அழுத்தத்தை எட்டாது. வண்டியின் திறனுக்கு அப்பாற்பட்ட மண்டலங்களுக்குக் கட்டடத்துக்குள்ளேயே மாற்று நீர்த்தொட்டியும் மாற்றுப் பம்பும் வைக்க நெறிமுறை கேட்பது இதனால்தான். எட்டக்கூடிய மண்டலங்களுக்கு, இணைப்பின் மேல் ஒரு பலகை வைத்து, எந்த மாடிகளுக்கு அது தண்ணீர் தருகிறது, வண்டி எத்தனை பார் அனுப்ப வேண்டும் என்று எழுத வேண்டும். அந்தப் பலகையில் எழுதவேண்டிய எண்ணை வடிவமைப்பாளர்தான் கணக்கிட்டுத் தர முடியும். பல திட்டங்களில் அது வெறும் "தீயணைப்பு இணைப்பு" என்ற எழுத்தோடு தொங்குகிறது. வண்டியை ஓட்டிவரும் பம்ப் இயக்குநருக்கு நம் வரைபடங்களோ கணக்கேடுகளோ தெரியாது. அவருக்குக் கிடைப்பது அந்தப் பலகை மட்டுமே. ஆகவே நான் கையெழுத்திடும் ஒவ்வொரு வரைபடத் தொகுப்பிலும் அந்தப் பலகைக்கென்று ஒரு தாள் இருக்கும். மண்டலம், மாடி எண்கள், பார் அளவு மூன்றும் அதில் இருக்கும்.